கோட்டையும் விடுதியும்
(ஓர் ஆய்வுக் கட்டுரை)

பூதி என்றால் திருநீறு. திருநீற்றின் பெயரைத் தாங்கிய கோட்டை ஒன்று கோலார் மாவட்டத்தில், பங்காருப்பேட்டைக்குத் தெற்கே, கற்பாறைக் குன்றொன்றின்மேல் சிதைந்து கிடக்கிறது. முன்னொரு காலத்தில் முனிவர்கள் வேள்வி செய்த சாம்பலால் இவ்வூர் பூதிகோட்டை எனப் பெயர் பெற்றது என்பர் ஊரார். கதை எவ்வாறாயினும் ஆகுக. 1720ஆம் ஆண்டையொட்டி இச்சிற்றூரில் பிறந்த ஒரு பிள்ளை, பின்னாளில் மைசூர் நாட்டின் ஆட்சியைக் கைக்கொண்டு ஆங்கிலேயரை அஞ்சி நடுங்கச் செய்தது என்பது வரலாறு. ஹைதர் அலியே அப்பிள்ளை.

சென்ற விடுமுறையில் என் தந்தையாருடன் அக்குன்றின்மேல் ஏறினேன். தந்தையார் தங்கவயற் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பின், தங்கவயல் மக்கள் பல்லாயிரவரைப் போலவே, மாரிக்குப்பத்திலிருந்து விடியலில் புறப்படும் ரயிலேறிப் பெங்களூர் சென்று, அங்கே பெரிய விடுதி ஒன்றில் காவலராக இருந்து வருகிறார். மதிலின் மீது கைவைத்தபடி அவர் கேட்டார்: “ஏம்பா, வடக்கே இந்த மாதிரி கோட்டையெல்லாம் ஓட்டலாக்கிட்டாங்களாமே? இதையும் ஆக்கினா நம்ம ஊர்ப் பசங்களுக்கு வேலை கிடைக்குமா?”

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. கோட்டைகள் எவ்வாறு விடுதிகள் ஆயின, ஆகும்போது அவற்றின் சுவருக்கும் சுற்றுப்புறத்து மக்களுக்கும் என்ன நேர்கிறது, நம் பூதிகோட்டைக்கு அவ்வழி தகுமா என்பனவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்வோம்.

1. கோட்டையில் தங்கியவர் யார்?

கோட்டை என்றதும் நம் உள்ளத்தில் போர்தான் தோன்றுகிறது. ஆயினும் போர் நடந்த நாட்கள் சில. மக்கள் அதனுள் வாழ்ந்த நாட்களே பல. ஹைதரின் தந்தை பத்தே முகம்மது, சீரா நவாபின்கீழ்ப் படைத்தலைவராக இருந்தவர். பூதிகோட்டை அவருக்கு ஜாகீராகக் கிடைத்தது. அவருக்கு அது போர்க்களம் அன்று. குடும்பத்துடன் தங்கிய இல்லம்.

அக்குடும்பத்தின் பிற்காலத்தவர் தங்கிய மற்றொரு கோட்டை, தமிழ்நாட்டில் உள்ளது. 1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின், அவருடைய மக்களை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டைக்குக் கொணர்ந்தனர். மாளிகை உண்டு, பணியாளர் உண்டு, உதவித்தொகை உண்டு. வெளியே செல்லும் உரிமை மட்டும் இல்லை. 1806 ஜூலை 10-ஆம் நாள் அதே கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அதன்பின் அரச குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

ஆகவே ஒரே கோட்டை ஒருவனுக்கு இல்லம். இன்னொருவனுக்குப் பொன் விலங்கு. கல்லில் மாற்றம் இல்லை. யார் எந்த உரிமையோடு உள்ளே இருக்கிறான் என்பதில்தான் மாற்றம். விடுதியைப் பற்றி ஆராயும்போதும் இக்கருத்தை நாம் மறத்தல் ஆகாது.

2. அரண்மனைகள் விடுதியான கதை

இந்தியாவில் இம்மாற்றம் நாட்டு விடுதலைக்குப் பின் விரைவடைந்தது. சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தன. அரசர்க்கு ஆட்சி போயிற்று. அரண்மனை மட்டும் எஞ்சியது. நூறு அறைகளைப் பெருக்கவும் வெள்ளையடிக்கவும் ஒழுகும் கூரையை அடைக்கவும் வருவாய் வேண்டுமே! 1957-இல் ஜெயப்பூர் மன்னர் இரண்டாம் மான்சிங் தம் ராம்பாக் அரண்மனையை விடுதியாக்கினார். 1963-இல் உதயப்பூரின் ஏரி நடுவே உள்ள 18ஆம் நூற்றாண்டு மாளிகை விடுதியாயிற்று. 1971-இல் அரசியற் சட்டத்தின் 26ஆம் திருத்தம் மன்னர் மானியத்தை அறவே ஒழித்தது. ஜோத்பூரின் உமேத் பவனும் விருந்தினர்க்குத் திறந்தது. மன்னர்கள் விடுதிக்காரர் ஆனது ஆசையால் மட்டும் அன்று. கணக்குப் புத்தகத்தாலும் ஆகும்.

நமக்கு அண்மையில் உள்ளது மைசூரின் லலித மகால். சாமுண்டி மலையின் அருகே வெண்ணிறக் குவிமாடத்துடன் விளங்கும் இம்மாளிகையை, வைசிராய் வந்தால் தங்குவதற்கென நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1921-இல் எழுப்பினார். 1974-இல் அது விடுதியாயிற்று. இதை அழிவு என்று எவரும் கூற இயலாது. விருந்தினர்க்காகக் கட்டியது விருந்தினர்க்கே பயன்படுகிறது, அவ்வளவே. எனினும் தங்கவயல் மாணவன் ஒன்றை நினைவு கூராமல் அம்மாளிகையைக் கடந்து செல்ல இயலாது. நம் முன்னோர் வெட்டியெடுத்த தங்கத்தின்மேல் உரிமைத்தொகை ஆண்டுதோறும் மைசூர் அரசின் கருவூலத்தில் சேர்ந்தது. 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் முதலில் ஓடி வந்ததும் தங்கவயலுக்கே. மைசூரின் செல்வத்தில் தங்கவயலின் வியர்வையும் கலந்திருந்தது.

வெளிநாடுகளில் வேறொரு முறையும் உண்டு. ஸ்பெயின் நாட்டில் அரசே விடுதிகளை நடத்துகிறது. ‘பரடோர்’ எனப்படும் அவ்வமைப்பு 1928-இல் தொடங்கியது. பழங்கோட்டைகளும் மடங்களும் அரசின் உடைமையாகவே இருக்க, அவற்றில் பயணிகள் தங்குகின்றனர். தனியார் வாங்கி நடத்துவது ஒரு வழி. பொதுவுடைமையாக வைத்து நடத்துவது மற்றொரு வழி. இரண்டும் உலகில் நடந்து வருவன என்பதை மனத்திற் கொள்க.

3. நீம்ரானா: பாழிலிருந்து எழுந்த கோட்டை

அரண்மனைக்கும் கோட்டைக்கும் வேற்றுமை உண்டு. அரண்மனை, வாழ்வதற்கென்றே கட்டியது. கோட்டையோ பகைவன் எளிதில் நுழையக்கூடாது என்று கட்டியது. செங்குத்தான வழி, குறுகிய வாயில், சிறு சாளரம், தடித்த சுவர் இவையே அதன் இலக்கணம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் விருந்தினனும் ஒரு வகையில் பகைவனைப் போலவே அங்கு இடர்ப்படுவான்!

இந்த இடர்ப்பாட்டை வென்ற எடுத்துக்காட்டு, டில்லியிலிருந்து ஜெயப்பூர் செல்லும் சாலையில் ராஜஸ்தானத்தில் உள்ள நீம்ரானாக் கோட்டை. 1464-இல் சௌகான் குலத்தார் குன்றின் சரிவில் இதனைக் கட்டத் தொடங்கினர். 1947-இல் அரச குடும்பம் சிதைந்து வரும் கோட்டையை விட்டுக் கீழே வேறு மனைக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது கேட்பாரற்றுக் கிடந்தது. 1986-இல் அமன் நாத், பிரான்சிஸ் வாக்சியார்க் என்னும் இருவர் முயற்சியால் அது வாங்கப்பெற்றுச் செப்பனிடப்பட்டது. 1991-இல் பன்னிரண்டு அறைகளுடன் விடுதி திறந்தது.

இங்கே ஆராய வேண்டியது அந்தப் பன்னிரண்டு என்னும் எண்ணே. கோட்டை முழுவதையும் ஒரே மூச்சில் அவர்கள் செப்பனிடவில்லை. இருந்த சில அறைகளைத் திருத்தித் திறந்தனர்; பின்னர்ச் சிறிது சிறிதாக விரித்தனர். கோட்டை தன் மருந்துச் செலவைத் தானே தேடிக்கொண்டது எனலாம். குன்றின் சரிவில் அடுக்கடுக்காக ஏறும் கட்டடமாதலால், ஒரே அளவில் அறைகளை வரிசையாக வெட்டுதல் இயலாது. ஆகவே ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு வடிவில் அமைந்தது. எண்ணுக்குப் பதில் மகால் என்றும் விலாஸ் என்றும் பெயர் பெற்றது. குறை என்று கருதத்தக்கதே அழகாயிற்று.

இதே நிறுவனம் நம் தரங்கம்பாடியிலும் கடற்கரைப் பழமாளிகை ஒன்றை விடுதியாக்கியது. அதன் அருகிலேயே டேனியர் 1620-இல் எழுப்பிய டான்ஸ்பர்க் கோட்டை, தமிழக அரசுத் தொல்லியல் துறையின் காட்சிச்சாலையாக விளங்குகிறது. மாளிகையில் தங்கப் பணம் வேண்டும். கோட்டையைக் காணச் சிறு கட்டணம் போதும். ஒரே கரையில் இரு வழிகளும் அடுத்தடுத்து நிற்பதைத் தரங்கம்பாடியில் காணலாம். செட்டிநாட்டிலும் காரைக்குடி, கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் நகரத்தார் வீடுகள் சில விடுதிகளாகி, இடிபட்டு மரமும் தூணும் விலைபோகும் நிலையிலிருந்து தப்பியுள்ளன.

4. சுவர் செய்யும் வேலை

இனி அறிவியலுக்கு வருவோம். கோட்டை அறையில் கோடை நண்பகலில் நுழைந்தவர் எவரும் உணரும் முதற் செய்தி, குளிர்ச்சி. அதன் காரணம் என்ன?

வெயில் சுவரின் வெளிமுகத்தைச் சுடுகிறது. அவ்வெப்பம் அலை போல உள்நோக்கிச் செல்கிறது. செல்லச் செல்ல அலை தேய்கிறது, காலமும் தாழ்க்கிறது. எத்துணைத் தொலைவில் எவ்வளவு தேயும் என்பதைக் கணக்கிடலாம். கருங்கல்லின் வெப்பப் பரவுதிறன் விநாடிக்கு ஏறத்தாழ 1.2 சதுர மில்லிமீட்டர். இதனை ஒரு நாளின் 86,400 விநாடிகளால் பெருக்கி, ‘பை’ என்னும் 3.14-ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண்க. ஏறத்தாழ 180 மில்லிமீட்டர், அதாவது 18 சென்டிமீட்டர் கிடைக்கும்.

இந்த 18 சென்டிமீட்டரைக் கடக்குந்தோறும் வெப்ப ஏற்றத்தாழ்வு நூற்றுக்கு 37 பங்காகக் குறைகிறது; நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாமதமும் ஆகிறது. சுவரின் தடிப்பு 54 சென்டிமீட்டர் என்று கொள்வோம். மூன்று முறை தேய்ந்து, இருபதில் ஒரு பங்கே உள்ளே எட்டும். வெளிமுகம் விடியலுக்கும் பிற்பகலுக்கும் இடையே 30 பாகை ஏறி இறங்கினாலும், உள்முகம் ஏறத்தாழ ஒன்றரைப் பாகையே அசையும். பிற்பகல் 2 மணி வெப்பம் உள்ளே வந்து சேர நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி ஆகிவிடும். அப்போது வெளியே குளிர் காற்று வீசும். சாளரத்தைத் திறந்தால் வந்த வெப்பமும் போயிற்று. சுவர் 90 சென்டிமீட்டராயின், ஏற்றத்தாழ்வில் ஏறத்தாழ நூற்றைம்பதில் ஒரு பங்கே உள்ளே எட்டும்.

ஆகவே தடித்த சுவர் பீரங்கிக் குண்டை மட்டும் தடுக்கவில்லை, சூரியனையும் தடுத்தது. இந்த உண்மையை அறியாத விடுதிக்காரர் செய்யும் பிழை யாது? காட்சி நன்றாயிருக்க வேண்டுமென்று மதிலை உடைத்து அகன்ற கண்ணாடிச் சாளரம் வைப்பர். வெயில் நேரே உள்ளே பாயும். பின்னர் அதனைத் தணிக்கக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். அதன் குழாய்க்காக மேலும் துளைகள் வேண்டும். இலவசமாகக் கிடைத்த குளிர்ச்சியை உடைத்தெறிந்துவிட்டு மின்சாரத்துக்கு விலை கொடுத்து வாங்குவது என்ன அறிவுடைமை?

5. சுண்ணாம்பும் சிமெண்டும்

இரண்டாவது பாடம் இரசாயனம். பழங்கோட்டைகளின் காரை சுண்ணாம்பால் ஆனது. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். அதனை மணலோடு கலந்து பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாகும். கல் சுடப்பட்டு நீறாகி, நீறு திரும்பக் கல்லாகிறது. பூதிகோட்டை என்னும் பெயரிலேயே இந்த இரசாயனம் அடங்கியிருப்பது போல் எனக்குத் தோன்றியது.

சுண்ணாம்புக் காரை மென்மையானது, நுண்துளைகள் உடையது. மழையில் உள்ளே போன ஈரம் வெயிலில் அத்துளைகள் வழியாகவே வெளியேறும். சுவர் சிறிது அசைந்தால் காரையும் இணங்கிக் கொடுக்கும். 1824-இல் ஆஸ்ப்டின் என்னும் ஆங்கிலேயர் உரிமை பெற்ற போர்ட்லண்டு சிமெண்டோ மிகவும் கடினமானது. எளிதில் ஈரத்தை விடாது. புதுக் கட்டடத்துக்கு அது பலம். பழஞ்சுவரின்மீது அதைப் பூசினால், உட்சென்ற ஈரம் வெளிவர வழியின்றித் தேங்கும். ஈரத்தில் கரைந்த உப்பு சிமெண்டின் பின்புறம் படிகமாகிப் பழங்கல்லையும் செங்கல்லையும் செதில் செதிலாக உரிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்குச் சுவர் புதியது போல் தோன்றும். உள்ளே அரித்துக் கொண்டிருக்கும்.

இத்துடன் குளியலறையையும் எண்ணிப் பாருங்கள். கோட்டை கட்டியவன் அறைக்கு ஒரு குளியலறை வைக்கவில்லை. விடுதிக்காரன் வைத்தே தீரவேண்டும். சுவருக்குள் ஓடும் குழாய் எங்கேனும் கசிந்தால், முந்நூறு ஆண்டு மழைக்கு அசையாத சுவர் சில ஆண்டுக் கசிவில் ஊறிப் போகும். நல்ல விடுதி எது, போலி விடுதி எது என்பதை வரவேற்புக் கூடத்தின் பளிங்கைப் பார்த்து அறிய வேண்டா. எந்தக் காரையால் பூசினர், குழாயை எவ்வழி கொண்டு சென்றனர் என்று கேட்டால் போதும்.

6. நீரும் வேலையும்

கோலார் வறண்ட மாவட்டம். வற்றாத ஆறு இல்லை. ஏரிகளை வெட்டி மழைநீரைத் தேக்கியே மக்கள் வாழ்ந்தனர். தங்கவயலுக்குக் குடிநீர் தந்தது பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரி. பிற்காலத்தில் ஏரிகள் வறண்டன; ஆழ்துளைக் கிணறுகள் மேலும் மேலும் ஆழமாயின. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைத் தூய்மை செய்து கோலார் ஏரிகளில் விடும் திட்டம் நடைபெற்று வருகிறது. இத்தகைய மண்ணில் ஒரு சொகுசு விடுதி வந்து நீச்சல் குளமும் புல்வெளியும் அமைத்தால், அந்நீர் யார் குடத்திலிருந்து போகும்? கோட்டையைக் காத்தோம் என்று கூறி ஊரின் கிணற்றை வற்றச் செய்தல் காப்பு ஆகாது.

அடுத்தது வேலை. தந்தையார் கேட்டதும் அதுதானே. பழங்கட்டடத்தைச் செப்பனிடுதல் பெரிதும் கைவேலை. கல்தச்சர், கொத்தர், தச்சர், சுண்ணாம்பு அரைப்போர் எனப் பலருக்கு அதில் இடம் உண்டு. செப்பனிட்டபின் சமையல், தோட்டம், துணி வெளுத்தல், காவல், கணக்கு எனத் தொடர்ந்து வேலை உண்டு. தங்கவயலின் இளைஞர்கள் விடியலில் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் துன்பம், அண்மையிலேயே வேலை கிடைத்தால் சிறிதேனும் தணியும். இதனை நான் எளிதாக எண்ணவில்லை.

ஆனால் மற்றொரு பக்கமும் உண்டு. தங்கவயலில் வெள்ளைக்காரர் வாழ்ந்த பங்களாக்கள் தோட்டத்துடன் நின்றன. தொழிலாளர் வாழ்ந்த லயன் வீடுகள் நெருங்கி நின்றன. பங்களாவிற்குள் நம் முன்னோர் சென்றதெல்லாம் தோட்டக்காரராகவும் சமையற்காரராகவுமே. நாளை கோட்டையும் பங்களாவும் விடுதியானால், நம் இளைஞர் மீண்டும் அதே வாயில் வழியாக அதே வேலைக்குத்தான் நுழைய வேண்டுமா? என் தந்தையார் பணிபுரியும் விடுதியில் எத்தனையோ அறைகள் உள்ளன. அத்தனை ஆண்டுகளில் ஓர் இரவேனும் அவற்றுள் ஒன்றில் அவர் விருந்தினராகப் படுத்ததில்லை. அதை அவர் குறையாகச் சொன்னதும் இல்லை. எனக்குத்தான் அது குறையாகப் படுகிறது.

7. நாம் செய்யத்தக்கது

இனி முடிவுக்கு வருவோம். கோட்டையைக் கேட்பாரற்று விடுதல் அதனைக் காப்பது ஆகாது. மழையும் ஆலம் வேரும் கல் திருடுவோரும் ஒருநாளும் ஓய்வதில்லை. பயன்படாத கட்டடம் விரைவில் அழியும் என்பதற்கு நீம்ரானாவின் நாற்பது ஆண்டுகளே சான்று. பயன்பட்டால் எழும் என்பதற்கும் அதுவே சான்று. ஆயினும் எல்லாக் கோட்டையும் விடுதிக்கு உரியன அல்ல. பூதிகோட்டையில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் மதிலும் பாறையும் நினைவும். அறைகளே அரிதாக உள்ள இடத்தில் விடுதி வேண்டுமாயின், புதிதாகக் கட்ட வேண்டும். புதிதாகக் கட்டிப் பழமை என்று விற்றல் வாணிகம், வரலாறு அன்று.

ஆதலின் என் கருத்து இதுவே. குன்றும் மதிலும் யாவர்க்கும் உரிய பொது இடமாக நிலைபெறட்டும். ஆடு மேய்க்கும் சிறுவனும் கட்டணமின்றி ஏறி ஹைதர் பிறந்த மண்ணைப் பார்க்கட்டும். தங்கும் வசதி வேண்டுமெனில், தங்கவயலில் கூரையும் சுவரும் நன்றாயிருக்கும் பழம்பங்களாக்களில் அதனைத் தொடங்கலாம். அரசே உடைமையாளராக இருந்து, சுண்ணாம்புக் காரையால் செப்பனிட்டு, ஏரி நீரை உறிஞ்சாமல் மழைநீரைத் தேக்கி நடத்தலாம். சொகுசு அறைகளோடு, மாணவரும் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தாரும் தங்கத்தக்க எளிய அறைகள் சிலவும் அங்கு இருத்தல் வேண்டும். அறைக்குள் பணிசெய்யும் கையே மேலாளர் நாற்காலியிலும் அமரும் வகையில் நம் இளைஞர்க்குப் பயிற்சியும் வேண்டும்.

இதெல்லாம் அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருத்தல் வேண்டா. அளந்து எழுதப்படாத கட்டடம் இடிந்தால், இடிந்தது என்பதற்கே சான்று இராது. வரும் கோடை விடுமுறையில் நம் சங்கத்தைச் சேர்ந்த மாணவர் பதின்மர் கூடினால் போதும். அளவு நாடாவும் நிழற்படக் கருவியும் வெப்பமானி இரண்டும் எடுத்துக்கொண்டு பூதிகோட்டைக்குச் செல்வோம். மதிலின் நீளம், தடிப்பு, விரிசல், நீர்த்தேக்கம் ஆகியவற்றைக் குறித்து வரைபடம் தீட்டுவோம். பொறியியல் படிப்போர் அளக்கட்டும். இரசாயனம் படிப்போர் காரையை ஆராயட்டும். வரலாறு படிப்போர் ஊர்ப் பெரியோரிடம் கதை கேட்டு எழுதட்டும். கன்னட நண்பர்களையும் உடன் அழைப்போம். அக்கோட்டை அவர்களுக்கும் நமக்கும் உரியது.

குன்றிலிருந்து இறங்கும்போது தந்தையார் மீண்டும் கேட்டார்: “என்னப்பா, பதிலே சொல்லலியே?” அன்று சொல்லாத விடையை இன்று எழுதி முடித்தேன். இவ்விதழைக் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்குச் சென்று, அவருக்குப் படித்துக் காட்ட எண்ணியுள்ளேன்.